பதினாறுக்கு ஒன்பது

எங்கள் வாசலில் எதிர்வீட்டுப் பெண்கள் வந்து கோலம் போட்ட அன்று காலை எனக்குக் காபி கிடைக்கவில்லை. எங்கள் பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுப்பார்கள், வண்டி கொடுப்பார்கள், கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நகைகூடக் கொடுப்பார்கள். வாசலை மட்டும் கொடுக்க மாட்டார்கள். என் மனைவி நிர்மலா கதவோரம் நின்று, எதிர்வீட்டு அஞ்சலாட்சி அக்கா குனிந்து குனிந்து புள்ளி வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

வாசலைக் கொடுத்தது நான்தான். நான் மின்துறையில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கிறவன். முந்தின நாள் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது எதிர்வீட்டுக் கார்குழலி என்னைத் தெருவிலேயே மடக்கினாள். காலையில் எங்கள் மொட்டை மாடி வேண்டும் என்றாள். எதற்கு என்றேன், கேமராவுக்கு என்றாள். வாசலும் வேண்டும் என்றாள். அது எதற்கு என்றேன், அதுவும் கேமராவுக்குத்தான் என்றாள். நிர்மலாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் புத்தி எனக்குச் சமயத்தில் வந்ததே கிடையாது.

கார்குழலிக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறாள். புருஷன் ஆதிமூலம் பெரிய மார்க்கெட்டில் லோடு டெம்போ ஓட்டுகிறான். விடியுமுன் காய்கறி மூட்டை இறக்கத் தொடங்கினால் பத்து மணிக்குத்தான் முதுகை நிமிர்த்துவான். அவனுடைய அக்கா அஞ்சலாட்சி அதே மார்க்கெட்டில் உதிரிப்பூ விற்கிறாள், தம்பி வீட்டோடு இருக்கிறாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் தெருவுக்கு ஒரு நாள்கூடச் சண்டைச் சத்தம் கேட்டதில்லை. அதில் எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கார்குழலிக்கு வேலை கொடுப்பவர் பிரான்சுவா. கல்யாணம், கோயில் விசேஷம், விளையாட்டு என்று எதையும் நேரடியாக ஒளிபரப்பித் தருவது அவர் தொழில். அறுபது வயது, நரைத்த குறுந்தாடி. அவருக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும், அதிகக் கோபம் வந்தால் தமிழ் வரும். போன மாதம் கார்குழலி அவரிடம் முழுக்க முழுக்கத் தமிழில் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். இப்போதெல்லாம் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு படம். டீவிக்கு அகலப் படம், பதினாறுக்கு ஒன்பது. ஃபோனில் பார்க்கிறவர்களுக்கு நெட்டுக்குத்தான படம். இரண்டுக்கும் ஒரே கேமராதான். அது அகலமாக எடுக்கும், பிரான்சுவாவின் லேப்டாப் அதன் நடுவிலிருந்து ஒரு பட்டையை வெட்டி ஃபோனுக்கு அனுப்பும். போன மாதம் மெயின் கேமராமேன் வராத ஒரு சர்ச் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவதைக் கார்குழலி அகலத்தில் அழகாக எடுத்தாள். ஆனால் மணமக்கள் ஓரத்தில் இருந்தார்கள். பாரிஸில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்த மாப்பிள்ளையின் அக்காவுக்குத் தெரிந்தது சாமியாரின் முழங்கை மட்டும்.

அதற்குப் பிறகு பிரான்சுவாவிடமிருந்த மெயின் கேமராமேன் பிரான்சுக்குப் போய்விட்டார். அந்த இடம் காலி. கார்குழலிக்கு அந்த இடத்தின் மேல் கொள்ளை ஆசை. இரண்டு வருஷமாகப் பெண்கள் வரிசையில் இரண்டாவது கேமராவாக நின்று, புடவையையும் நகையையும் எடுத்து எடுத்து அவளுக்கு அலுத்துவிட்டது. கேட்டே விட்டாள். பிரான்சுவா யோசித்து ஒரு பரீட்சை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பெத்தாங் இறுதி ஆட்டம், அவள் ஒருத்திதான் கேமரா.

“முக்கியமானது ஒண்ணுகூட ஃபோன் காத்ருவ உட்டு வெளிய போவக் கூடாது. போச்சுன்னா நீ மறுபடியும் பொம்பளைங்க வரிசைதான். தக்கோர்?” என்றார். காத்ரு என்றால் சட்டம், நாம் ஃப்ரேம் என்கிறோமே அது. தக்கோர் என்றால் சரிதானே என்று அர்த்தம். அவருக்குப் பிரெஞ்சில் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும்.

பெத்தாங் என்பது எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன இரும்புக் குண்டு ஆட்டம். மண் திடலில் ஒரு வட்டத்துக்குள் நின்று முதலில் சின்ன மர உருண்டை ஒன்றை எறிவார்கள். நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிசு. எங்கள் ஆட்கள் அதைக் குட்டி என்பார்கள். பிறகு இரண்டு அணியும் குண்டுகளை வீசும். குட்டிக்குக் கிட்டத்தில் எவன் குண்டு கிடக்கிறதோ அவனுக்குப் பாயிண்ட். முதலில் பதின்மூன்று எடுத்தவன் ஜெயித்தான். பார்க்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், இரண்டு நாள் பார்த்தால் மூன்றாம் நாள் சோறு மறந்துவிடும்.

இதில் இன்னொரு விசேஷம். அந்த இறுதி ஆட்டத்தில் ஆடுகிற ஒருவன் ஆதிமூலம். மூட்டை தூக்கின தோளுக்குக் குண்டு பூப்போல. பேக்கரியில் ரொட்டி போடுகிற ஜோசப் ஆனந்தும் அவனும் ஒரு ஜோடி. எதிரே காலாப்பட்டு இராமதாஸும் அவர் மருமகன் இனியவனும். ஜெயிக்கிற ஜோடி பாண்டிச்சேரிக்காக வெளியூர்ப் போட்டிக்குப் போகும். ஆறு வருஷமாக அரையிறுதியோடு திரும்பி வந்துகொண்டிருந்த ஆதிமூலம் இந்த முறைதான் இறுதிக்கு வந்திருந்தான். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நாளில், ஒரே மண்ணில் பரீட்சை.

சரி, கோலத்துக்கு வருகிறேன். கார்குழலியின் கேமரா பழசு. நெட்டுக்குத்தான படத்துக்குக் கோடு காட்டும் வசதி அதில் இல்லை. அதனால் வியூஃபைண்டர் திரைமேல் தானே கோடு போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள். ஃபோனுக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் ஸ்க்ரீன் கார்டு ஒன்றை அளவாக வெட்டித் திரையில் ஒட்டினாள். அதில் சிவப்பு மார்க்கரால் இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் வருவதெல்லாம் ஃபோனில் வரும். கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. கண்ணளவை நம்பித்தான் சாமியார் முழங்கை வந்தது.

“குழலி, பதினாறுக்கு ஒம்போதுன்னா அது புள்ளிக் கணக்குதான. தரையில நான் வெச்சித் தரேன், மாடிலேர்ந்து பாத்துக் கோட்ட போட்டுக்க,” என்றாளாம் அஞ்சலாட்சி. மார்கழியில் எங்கள் தெருவில் அவள் கோலத்தை மிதிக்காமல் போக ஆட்டோக்காரர்கள் திடீர் பிரேக் போடுவார்கள். அந்தக் கையை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவர்கள் வீட்டுக்கு மாடி இல்லை, எங்களுக்கு இருந்தது. ஆடிக் காற்றில் மாவு பறக்காமல் இருக்க அஞ்சலாட்சி தரையை நனையத் தெளித்து, சாண் இடைவெளியில் குறுக்கே பதினாறு புள்ளி, நெடுக்கே ஒன்பது புள்ளி வைத்தாள். ஓரங்களைக் கோடு இழுத்து மூடினாள். நூல் பிடித்து நடுவைக் கண்டாள். அகலம் பதினாறு என்றால் அதில் ஃபோன் பட்டை நடுவில் ஐந்து வரும் என்று பிரான்சுவா சொல்லியிருந்தார். அதனால் நட்ட நடுவில் புதிதாக ஒரு புள்ளி, அதே சாண் இடைவெளியில் அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. மேலே நாங்கள் கேமராவைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி, நேர் கீழே பார்க்கும்படி கட்டினோம். ஸ்டாண்டின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். கேமரா விழுந்திருந்தால் அக்கா தலையில்தான் விழுந்திருக்கும்.

கார்குழலி ஜூமைத் திருகி, பதினாறு புள்ளியும் திரையின் இரண்டு ஓரத்தையும் தொடும்படி வைத்தாள். மேலேயும் கீழேயும் கொஞ்சம் தரை மிச்சமாகத் தெரிந்தது. அவள் முகம் சுளித்தாள். கீழேயிருந்து அக்கா என்னவென்று கேட்க, இவள் சொல்ல, கேமரா கொஞ்சம் தாராளமாகக் காட்டும்போல என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஐந்து புள்ளிக்கு நேரே இரண்டு சிவப்புக் கோடு விழுந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. கீழே நிர்மலா எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆட்டம் கடற்கரைப் பக்கத்து மண் திடலில், பிற்பகல் மூன்று மணிக்கு. எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. வெயில் நேராக வியூஃபைண்டரில் அடித்தால் திரை தெரியாது, அதனால் கார்குழலியின் பின்னால் நின்று குடை பிடிக்க வேண்டும். சம்பளம் கிடையாது, இடம் அருமையான இடம். ஆட்டத்தை நான் பார்த்ததெல்லாம் அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு நடுவில்தான்.

திடல் நிறைந்திருந்தது. ஜோசப் ஆனந்த் நீள ரொட்டி இரண்டைப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்து ஆம்லெட் வைத்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார். அஞ்சலாட்சி ஒரு கூடை நிறையச் சாமந்தியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள், தம்பி ஜெயித்தவுடன் கொட்டுவதற்கு. ஓரத்தில் ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். கேபிள் டீவிக்குப் போகிற அகலப் படம் அதில் ஓடும். ஃபோன் படத்தை வந்தவர்களில் பாதிப்பேர் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணெதிரே ஆட்டம் நடக்கும்போதே. ஃபோனுக்குப் படம் பத்து விநாடி தாமதமாக வரும். ஒரு குண்டு விழுந்தால் திடல் ஒரு முறை கத்தும், பத்து விநாடி கழித்து ஃபோன்கள் ஒரு முறை கத்தும்.

பிரான்சுவா லேப்டாப்போடு கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, புருஷன் முகத்தையே எடுத்துக்கொண்டிருக்காதே என்று அவளைச் சீண்டினார். அவள் சிரிக்கவில்லை. குட்டி விழுகிற பக்கத்துக்குப் பின்னால் ஒரு மேடையில் கேமரா. வட்டத்தில் நிற்கிறவன் மேலே, குட்டி கீழே, இரண்டும் கோட்டுக்குள். குண்டு வீசினவன் கையோடு கேமரா எழும், குண்டோடு இறங்கும். இவ்வளவு நாள் இவள் புடவை எடுத்துக்கொண்டிருந்தாளா என்று எனக்கே கோபம் வந்தது.

முதலில் காலாப்பட்டு முந்தியது. ஐந்துக்கு ஒன்று, எட்டுக்கு மூன்று. இராமதாஸ் வயதான மனிதர், அவசரமே படமாட்டார். குண்டை உருட்டி விட்டால் அது குட்டியின் பக்கத்தில் போய்த் தூங்கும். பிறகு ஆதிமூலத்துக்குக் கை வந்தது. இராமதாஸ் வைத்த குண்டை எட்டு மீட்டரிலிருந்து அந்தரத்தில் அடித்துத் தூக்கினான். இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் கடல்வரை போயிருக்கும். திடல் எழுந்து நின்றது. எட்டுக்கு ஏழு, பத்துக்குப் பத்து. காற்று ஏற ஏறக் குடை என்னை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. நான் குடையையும் விடவில்லை, திரையையும் விடவில்லை. கார்குழலியின் கழுத்திலிருந்து வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய்க்குள் ‘உள்ள, உள்ள, உள்ள’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு குண்டும் கோட்டுக்குள் விழுவதற்கு.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இனி ஒரே ஒரு பாயிண்ட்.

கடைசிச் சுற்றில் எல்லாக் குண்டும் தீர்ந்து ஆதிமூலத்தின் கையில் ஒன்று மட்டும் மிஞ்சியது. இராமதாஸின் குண்டு குட்டியை ஒட்டிக் கிடந்தது. ஆதிமூலம் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்தான், வீசினான். குண்டு விழுந்து உருண்டு, குட்டியை உரசி, அதைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோய் நின்றது. இப்போது குட்டிக்கு ஒரு பக்கம் இராமதாஸ் குண்டு, மறுபக்கம் ஆதிமூலம் குண்டு. எது கிட்டே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியாக வீசினவன்தான் அளக்க வேண்டும். ஆதிமூலம் டேப்பை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டான். நடுவர் லினெட் மேடம் பக்கத்தில் நின்றார். பிரான்சுவா பெரிய திரையில் கடைசி வீச்சைத் திருப்பிப் போட்டு மெதுவாக ஓட்டினார். கேமரா காட்டுவது அந்த நேரத்தில் ஃபோனுக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஒரு காற்று வந்து லினெட் மேடத்தின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. மேடம் திரும்பினார், ஜோசப் ஆனந்த் தொப்பியின் பின்னால் ஓடினார், கூட்டம் சிரித்தது. பாக்கிப் பேர் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் டேப்பின் முனையை இராமதாஸ் குண்டில் வைக்க முன்னால் சாய்ந்தான். நிலை தடுமாறாமல் இருக்க வலது காலைக் கொஞ்சம் நகர்த்தி ஊன்றினான். ஷூ நுனி குட்டியில் பட்டது. குட்டி ஒரு விரல்கடை அவன் குண்டின் பக்கம் நகர்ந்தது. அவன் பார்வை டேப்பின் மறுமுனையில் இருந்தது. அவனுக்குத் தெரியாது, நான் சத்தியம் பண்ணுவேன்.

நாங்கள் இரண்டு பேர் பார்த்தோம். அளக்கும்போது ஆட்டக்காரன் குட்டியை அசைத்துவிட்டால் அந்தப் பாயிண்ட் எதிரிக்கு. இது அங்கே ரொட்டி தின்றுகொண்டிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

திரையில் பார்த்தேன். ஆதிமூலத்தின் முகம் நடுவில். ஷூவும் குட்டியும் இடது சிவப்புக் கோட்டுக்கு வெளியே, ஒரு மயிரிழை வெளியே. கேமராவை இப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது. ஒளித்த பழிகூட அவளுக்கு வராது, அவள் ஒன்றும் செய்யவில்லையே. நான் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ‘விட்டுடு, விட்டுடு’ என்றுதான் வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஆறு வருஷம் காத்திருந்தவன் அவன், எங்கள் தெரு அது.

கார்குழலி மூச்சை உள்ளே இழுத்தாள். வாய்க்குள் “உள்ள” என்றாள். கைப்பிடியை மெல்ல இடது பக்கம் திருப்பினாள். ஷூவும் நகர்ந்த குட்டியும், குட்டி முதலில் கிடந்த இடத்து மண்ணின் சின்னக் குழியும், இரண்டு சிவப்புக் கோட்டுக்கும் நட்ட நடுவில் வந்து நின்றன.

ஆதிமூலம் அளந்து முடித்தான். தன் குண்டுதான் கிட்டே. இரண்டு கையையும் தூக்கினான். திடல் வெடித்தது. அஞ்சலாட்சி கூடையோடு எழுந்து ஓடினாள். ஜோசப் ஆனந்த் தொப்பியோடு வந்து அவனைக் கட்டிக்கொண்டார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. எட்டு. ஒன்பது.

முதலில் பின்வரிசையில் ஒரு ஃபோன்காரன் எழுந்தான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி. சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் கையைப் பார்த்துக் குனிந்தன. “குட்டி நவுந்துது, கால் பட்டுது” என்று யாரோ சொன்னது காற்றில் தெளிவாகக் கேட்டது. அஞ்சலாட்சி பாதி வழியில் நின்றாள். சாமந்தி கூடையிலேயே இருந்தது.

லினெட் மேடம் ஒரு ஃபோனை வாங்கி இரண்டு முறை பார்த்தார். கால் பட்டதா என்று ஆதிமூலத்தைக் கேட்டார். தெரியவில்லை மேடம் என்றான் அவன். அவர் ஃபோனை அவனிடமே கொடுத்தார். அவன் பார்த்தான். டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தான், இராமதாஸிடம் போய்க் கை கொடுத்தான். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஃபோன் படம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தான். கார்குழலி அந்தப் பார்வையையும் கோட்டுக்கு நடுவிலேயே வைத்து எடுத்தாள்.

அன்று அவர்கள் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. ஜெயித்தால் தின்பதற்கு அஞ்சலாட்சி காலையிலேயே வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்திருந்தாள். தோற்றதற்காக மீனைத் தூக்கிப் போட முடியுமா? குழம்பு கொதித்தது, தெரு முழுக்க மணத்தது, சாப்பிடத்தான் ஆளில்லை. ஆதிமூலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நிர்மலாவும் நானும் துக்கம் விசாரிக்கிற மாதிரி போய் நின்றோம்.

“எவன் பாத்தான்? ஒருத்தனும் பாக்கல. நீ ஏன் திருப்பின?” என்றான் அவன், உள்ளே பார்த்து.

“முக்கியமானது வெளியில இருந்துது. உள்ள கொண்டாந்தேன். என் வேல அது.”

“வேலைக்கோசரம் புருஷன் கால புடிச்சி ஊருக்கே காட்டுவியா?”

கார்குழலி கரண்டியை வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்தாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அஞ்சலாட்சி யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் மீதிப் பூவைத் தொடுக்க ஆரம்பித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிரான்சுவாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே வந்து, மீன்வாசனைக்கு ஒரு நிமிஷம் மரியாதை செய்துவிட்டு, அதைத் திறந்து வைத்தார். ஃபோனுக்குப் போன படத்தைப் போட்டார். முகத்தில் கோபமா சந்தோஷமா என்று பிடிபடவில்லை, தமிழா பிரெஞ்சா என்றும் தெரியவில்லை.

“நல்லா பாரு. நீ கேமராவ திருப்பறதுக்கு முன்னால,” என்றார்.

எல்லோரும் குனிந்தோம், ஆதிமூலமும் வந்து எட்டிப் பார்த்தான். ஃபோன் படத்தின் இடது ஓரத்தில், கேமரா அசைவதற்கு முன்பே, ஷூ நுனி குட்டியில் படுவது பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்புறம்தான் படம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

கார்குழலிக்குப் புரியவில்லை. கோட்டுக்கு வெளியேதான் இருந்தது என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தாள். நானும் ஆமாம் என்றேன். பிரான்சுவா கேமராவைக் கொண்டுவரச் சொல்லி லேப்டாப்போடு சேர்த்துப் பார்த்தார். கோடு இரண்டும் உள்ளே தள்ளி விழுந்திருந்தன. உண்மையான ஃபோன் படம் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் போனது. கோட்டை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார். அஞ்சலாட்சி பெருமையாகவே சொன்னாள், பதினாறு புள்ளி, ஒன்பது புள்ளி, நடுவில் ஐந்து புள்ளி என்று. அவர் தாடியைச் சொறிந்தார். அவருக்கும் தப்பு எங்கே என்று தெரியவில்லை.

“பதினாறு புள்ளி வெச்சா பதினஞ்சு கட்டம்தான வரும்,” என்றாள் நிர்மலா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

“அஞ்சு புள்ளிக்கு நாலு கட்டம். கட்டத்ததான கணக்குப் பண்ணணும். நான் காலைலயே பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன் சொல்லல?” என்றேன்.

“நம்ம வாசல்ல எவங்களோ போடறாங்க, நமக்கு இன்னாத்துக்குன்னு இருந்துட்டேன்.”

பிரான்சுவா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள். நாற்பது வருஷமாகப் புள்ளியை எண்ணியே பழகின கை, நடுவில் இருக்கிற இடத்தை எண்ணியதே இல்லை. கார்குழலிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆதிமூலம் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப இவ திருப்பலன்னாலும் தெரிஞ்சிருக்கும்,” என்றான்.

“தெரிஞ்சிருக்கும்,” என்றார் பிரான்சுவா. “ஆனா அது அவளுக்குத் தெரியாது.”

பிறகு அவர் ஃபோனை எடுத்து வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். குட்டியைத் தள்ளிவிட்டான், ஏமாற்றுக்காரன் என்று முதலில் நான்கைந்து பேர் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே காலாப்பட்டுக்காரன் ஒருவனே பதில் போட்டிருந்தான். கேமரா பிடித்தது அவன் பெண்டாட்டி, அவளே திருப்பிக் காட்டிவிட்டாள், அந்த வீட்டில் யாருக்கும் ஏமாற்றத் தெரியாது என்று. அதற்குப் பிறகு யாரும் அந்த வார்த்தையை எழுதவில்லை.

அஞ்சலாட்சிக்கு அப்போதுதான் யார் பக்கம் பேசுவது என்று தெரிந்தது. “டேய், இவ பேசாம இருந்திருந்தா ஒன் காலும் தெரிஞ்சிருக்கும், இவ பேசாம இருந்ததும் தெரிஞ்சிருக்கும். புருஷனும் பொண்டாட்டியும் சேந்து திருடனாங்கன்னு இந்நேரம் மார்க்கெட் பூரா பேசியிருப்பானுங்க,” என்றாள்.

ஆதிமூலம் லேப்டாப்பை மூடினான். பிறகு ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து, தட்டைப் போடச் சொன்னான். மீன் தலையை யாருக்கு வைப்பது என்பதில் அந்த வீட்டில் தினமும் நடக்கிற பேச்சு நடந்தது. பிரான்சுவாவும் உட்கார்ந்தார். எழுந்து போகும்போது, நாளையிலிருந்து மெயின் கேமரா நீதான் என்று கார்குழலியிடம் சொன்னார். அடுத்த வாரச் சர்ச் கல்யாணத்துக்குச் சதுரப் படம் ஒன்றும் வேண்டும், நான்கு கோடு போட்டு வை, இந்த முறை கட்டத்தை எண்ணு என்றார்.

மறுநாள் எங்கள் வாசலை நிர்மலாவே பெருக்கித் தெளித்து வைத்தாள். எனக்குக் காபியும் கிடைத்தது. பத்து மணிக்கு அஞ்சலாட்சி புள்ளி வைக்க, நிர்மலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கட்டத்தை எண்ணினாள். நானும் கார்குழலியும் மாடியில் கேமராவோடு. மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஆதிமூலம், தோளில் சாக்குத் துண்டோடு, டெம்போவை நிறுத்திவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றான். நெடுக்கே பத்து முடிந்து, குறுக்கே பதினாறாவது புள்ளி விழுந்தது. அஞ்சலாட்சி நிமிர்ந்து, மாவுக் கிண்ணத்தைத் தம்பியிடம் நீட்டினாள்.

எங்கள் தெருவில் ஆம்பிளை கோலமாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவன் வாங்கிக்கொண்டான். குத்துக்காலிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து, பதினேழாவது புள்ளியை வைத்தான். எலுமிச்சம்பழம் அளவுக்கு விழுந்தது. வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான்.

கார்குழலி வியூஃபைண்டரில் பார்த்தாள். இந்த முறை மேலேயும் கீழேயும் மிச்சமில்லை, நான்கு ஓரமும் நூல் பிடித்த மாதிரி பொருந்தி நின்றது. ஆனால் ஓரத்தில் அவன் பாதம் கோட்டைத் தாண்டி உள்ளே இருந்தது.

“கால எடுங்க,” என்றாள். “காத்ருல தெரியுது.”

“தெரியட்டும்,” என்றான் ஆதிமூலம்.